என்ன நட்சத்திரம்?

பழவங்காடி பிள்ளையார் கோவிலில் அர்ச்சனைச் சீட்டுக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். அவர் விஞ்ஞானக் கதை எழுதுகிறாராம்.

"நானும் அடுத்தாத்து மணியும் உடம்பு மாறிண்டோம்னு வெச்சுக்கோ. நம்மாத்துல என் உடம்பு, உள்ள மணி. எப்படிக் கண்டுபிடிப்பே?"

"காப்பி குடிச்ச டம்ளரைத் தானே அலம்பி வெச்சா தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சதும் வெளில அனுப்பிடுவியோல்லியோ?"

"உங்க உடம்பைன்னா அனுப்பணும்? பாவமில்லையா?"

"அவனை ஆத்துல வெச்சுக்கறது தெற்றல்லே, தப்பில்லையோ?"

"இருக்கட்டும். எப்பவும் இப்படியே நன்னாயிருக்கணும்னு ஒரு அர்ச்சனை பண்ணிடுவேன்."

"யாருக்கு?"

அதற்குள் கவுண்டர் வந்துவிட்டது.

"பேரு, நட்சத்திரம்?"

அவள் திரும்பிக் கேட்டாள்: "ஏன்னா, மணிக்கு என்ன நட்சத்திரம்?"