இடுப்பளவுத் தண்ணீர்

கப்பலில் கொடுக்கிற ரொட்டி உள்ளே வேகவே வேகாது. மேலே நல்ல பொன்னிறமாக இருக்கும், பிட்டுப் பார்த்தால் நடுவில் களி. முதல் நாள் காலையிலேயே தங்கச்சியிடம் சொன்னேன், இதைத் தின்னாதே, வயிறு கெட்டுப்போகும் என்று. அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை அதில் ஜாம் தடவிக் கொடுத்தார். எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்றீர்களே அதிகாரியம்மா, அதனால் இங்கிருந்து தொடங்குகிறேன். அவள் என் பேச்சைக் கேட்காமல் போனதை நான் முதலில் பார்த்தது அந்தச் சாப்பாட்டு மேசையில்தான்.

எனக்குச் சொந்தமாக ரொட்டிக் கடை இருக்கிறது. கீழே அடுப்பு, மாடியில் வீடு. அம்மா இறந்தபோது தங்கச்சிக்குப் பால்பற்கள்கூட விழுந்திருக்கவில்லை. அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் தேடிக்கொண்டார். நான்தான் அவளுக்குத் தாய், தகப்பன் எல்லாம். பள்ளிக்கூடம் விட்டதும் மாவு மூட்டை மேல் உட்கார்த்தி வைத்துக்கொள்வேன். வீட்டுப்பாடம் அங்கே, சாப்பாடு அங்கே. சைக்கிள் வாங்கித் தரவில்லை, விழுந்துவிடுவாள். சுற்றுலா அனுப்பவில்லை, ஊரான் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள். தண்ணீர்ப் பக்கமே விட்டதில்லை. கடையில் வேலை பார்த்த பெண்கள் கேலி செய்வார்கள்.

"அக்கா, விட்டா அவளையும் ஈரத்துணி போட்டு மூடி வெச்சிடுவீங்க போல."

நானும் சிரிப்பேன். மூடி வைக்காத மாவு காய்ந்து தோல் கட்டிவிடும் என்பது அவர்களுக்கும் தெரிந்ததுதான்.

மாப்பிள்ளை கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர். இவளுக்குக் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் பழக்கம். நான் தடுக்கவில்லை. நல்ல குணம், மெதுவான பேச்சு, என்னை 'அக்கா, அக்கா' என்றுதான் கூப்பிடுவார். கல்யாணத்தன்று எல்லாரும் என்னிடம் வந்து, ஒருவழியாகத் தங்கச்சியைக் கரையேற்றிவிட்டாய் என்றார்கள். இரண்டு தெரு தள்ளி வீடு பார்த்தார்கள். காலையில் முதல் ரொட்டி எடுத்ததும் நானே கொண்டுபோய் வைப்பேன். அவர்கள் எழுந்திருக்க வேண்டாம், என்னிடம் சாவி இருந்தது. கட்டில் பக்கம் போய் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்துவிடுவேன். கொஞ்ச நாளில் பூட்டுக் கெட்டுவிட்டது என்று புதுப் பூட்டு போட்டார்கள். எனக்கு ஒரு சாவி கேட்டேன். செய்யக் கொடுத்திருக்கிறேன், செய்யக் கொடுத்திருக்கிறேன் என்றே மாப்பிள்ளை இழுத்தடித்தார். அப்போதுதான் அவரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன்.

இந்தக் கப்பல் பயணம் அவர்கள் எனக்குக் கொடுத்த பரிசு. ஏன் என்பதை அவர்கள் வாயால் நான் கேட்கவில்லை. எங்கள் மேசையில் பல் டாக்டர் ஒருவரும் அவர் மனைவியும் உட்காருவார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், சதா வேடிக்கைப் பேச்சு. 'தீவுல சுறா வந்தா பயப்படாதீங்க, வாயைத் திறக்கச் சொல்லி நான் பாத்து அனுப்பிடறேன்' என்பார். தீவுக்குப் போவதற்கு முந்தின நாள் சாப்பிடும்போது அவர் என்னிடம் சொன்னார்:

"குடுத்து வெச்சவங்கம்மா நீங்க. புது ஊருக்குப் போறதுக்கு முன்னாடி அக்காவைக் கடல் காட்டிட்டுதான் போகணும்னு கூட்டிட்டு வந்திருக்காங்களே. இந்தக் காலத்துல யாரு செய்வா?"

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்தாள். மாப்பிள்ளைதான் பேசினார். வேறு தேசத்தில் வேலை கிடைத்திருக்கிறது, திரும்பிப் போனதும் கிளம்ப வேண்டும், நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தோம் அக்கா, என்றார். நான் கோபப்படவில்லை. பல் டாக்டரின் மனைவியிடம் உப்பை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் தீவு. தூரத்திலேயே கப்பல் நங்கூரம் போட்டுவிட்டது. சின்னப் படகுகளில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார்கள். வெள்ளை மணல், தென்னை மரங்கள், ஒரே மாதிரி நீலக் குடைகள், அவற்றுக்குக் கீழே சாய்வு நாற்காலிகள். நம் ஆட்கள் இறங்குமுன்பே கப்பல்காரர்கள் வந்து எல்லாவற்றையும் விரித்து வைத்திருந்தார்கள். தீவுக்காரர் என்று பார்த்தால் இளநீர் வெட்டுகிற ஒரு மனிதர் மட்டும்தான். மரத்தடியில் குலைகளைக் குவித்து வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கு வெட்டிக் கொடுத்தார். ஒரே வெட்டில் மேல்தலை பறக்கும். நல்ல கை.

நான் நாற்காலியில் உட்கார்ந்து துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது தங்கச்சி கடலுக்குள் இருந்தாள். முழங்காலளவில் நிற்கவில்லை அம்மா, நீந்திக்கொண்டிருந்தாள். கையை வீசி, முகத்தைத் தண்ணீரில் வைத்து, திருப்பி மூச்சு வாங்கி. பக்கத்தில் மாப்பிள்ளை. கரைக்கு வந்தவளிடம் கேட்டேன்.

"யாரு கத்துக்குடுத்தா உனக்கு?"

"ஞாயித்துக்கிழமைல நீச்சல் குளத்துக்குப் போவோம்க்கா. உன்கிட்ட சொன்னா நீ விடமாட்டே."

ஞாயிற்றுக்கிழமைகளில் தலைவலி, வராதே, தூங்கப்போகிறேன் என்பாள். கரையேற்றிவிட்ட பெண்ணைக் கைப்பிடித்தவரே மறுபடி தண்ணீருக்குள் இழுத்துவிட்டிருந்தார். திரும்ப ஓடிப்போய் அலையில் விழுந்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். பயந்தால் அவள் அப்படித்தான் சிரிப்பாள். வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும்.

திட்டம் போட்டாயா என்று கேட்டீர்கள். அந்த வார்த்தை எனக்குப் பொருந்தாது. இளநீர்க்காரர் குலை எடுத்துவரத் தோப்புக்குள் போனபோது அவருடைய அரிவாளைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டது உண்மைதான். தங்கச்சிக்கு வழுக்கைத் தேங்காய் பிடிக்கும், தோண்டிக் கொடுத்துவிட்டுத் திருப்பி வைத்துவிடலாம் என்றிருந்தேன். அந்த மனிதரைக் கட்டி வைத்து அடித்தார்களாமே, எனக்கு அது வருத்தம். அவர் பாவம், விட்டுவிடுங்கள்.

பிறகு மாப்பிள்ளையிடம் சொன்னேன், எனக்கும் தண்ணீரில் இறங்கிப் பார்க்க ஆசையாக இருக்கிறது, ஆனால் இத்தனை பேர் முன்னால் வெட்கமாக இருக்கிறது என்று. அவர் முகம் மலர்ந்துவிட்டது. தங்கச்சியிடம் சொல்ல வேண்டாம், மிதக்கக் கற்றுக்கொண்டு வந்து அவளை அசத்தலாம் என்று அவரே சொன்னார். பாறைகளைச் சுற்றி அந்தப் பக்கம் போனால் சின்ன வளைவு ஒன்று இருக்கிறது. அலை கிடையாது. இடுப்பளவுத் தண்ணீர், அடியில் கல் தெரியும். பையைக் கரையில் வைத்தேன். அவர் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து முதுகுக்குக் கீழே கை கொடுத்தார்.

"உடம்பத் தளர விடுங்கக்கா. நான் பிடிச்சிருக்கேன்ல."

மிதந்தேன். வானம் வெறும் வெளிச்சமாக இருந்தது. நன்றாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். படுத்தபடியே கேட்டேன்.

"அவள எதுக்கு அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போறீங்க மாப்ள?"

 முதுகுக்குக் கீழே அவர் கை அப்படியே இருந்தது.

"தப்பா நினைக்காதீங்கக்கா. தூரமா வேலை பாருங்கன்னு சொன்னதே அவதான். உங்களையும் கூட வெச்சுக்கலாம்னு நான் சொன்னேன்."

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"அவளுக்கு உங்களக் கண்டா பயம்க்கா. சின்ன வயசுலேர்ந்தே. ராத்திரில மூக்குக்கிட்ட கைய வெச்சு மூச்சு வருதான்னு பாப்பீங்களாமே. அப்பல்லாம் தூங்கற மாதிரி நடிப்பாளாம். பூட்டக்கூட அவதான் மாத்தச் சொன்னா."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு பெரிய பொய்யை அவ்வளவு தன்மையாகச் சொல்லக் கூடாது.

காலை ஊன்றி எழுந்து அவர் பிடரியைப் பிடித்தேன். பிசைந்து பிசைந்து உரமேறிய கை இது, பார்த்தாலே தெரியும். கையால் மட்டும் அழுத்துகிறவர்கள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள், தோளிலிருந்து எடையை இறக்க வேண்டும். அவர் துள்ளினார். ஒருமுறை தலையை வெளியே எடுத்து "அக்கா" என்றார். நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அந்தக் குரல் அப்படித்தான் இருந்தது. என் கையைக் கடித்துவிட்டார். இதோ இந்தக் காயம். வலியில் பிடி நழுவியது. காலடியில் கிடந்த கல்லை எடுத்து நெற்றிப்பொட்டில் அடித்தேன், மறுபடியும் அடித்தேன். எலும்பு உடைகிற சத்தம் தண்ணீருக்குள் பெரிதாகக் கேட்காது. பிறகு முதுகில் முழங்காலை வைத்துக் கீழே இருத்தினேன். சுற்றிலும் தண்ணீர் சிவந்தது. சின்ன மீன்கள் வந்தன.

அந்த நேரத்தில்தான் பல் டாக்டர் பாறைக்கு இந்தப் பக்கம் வந்தார். சிப்பி பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார், தொப்பி நிறைய சிப்பி. பார்த்ததும் தொப்பியைப் போட்டுவிட்டுச் செருப்போடு தண்ணீரில் இறங்கினார்.

"விடாதீங்கம்மா, கெட்டியாப் பிடிச்சுக்குங்க. தலையத் தூக்குங்க, தலையத் தூக்குங்க."

நான் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துவிட்டார். வயதான மனிதர், எங்கிருந்துதான் அத்தனை பலம் வந்ததோ. நானும் ஒரு கை கொடுத்தேன், வேறென்ன செய்ய முடியும். மணலில் போட்டோம். பாறையில் அடிபட்டிருக்கும்போல என்று அவரே சொல்லிக்கொண்டார். நெஞ்சை அமுக்கினார், வாயோடு வாய் வைத்து ஊதினார். திரும்பத் திரும்ப ஊதினார். நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இனி ஆகாது என்று நினைத்தபோது மாப்பிள்ளை இருமினார். வாயிலிருந்து தண்ணீரும் ரத்தமுமாக வந்தது.

பல் டாக்டருக்குக் கண்கள் நிறைந்துவிட்டன. என்னைத் திரும்பிப் பார்த்து, "பொழச்சுட்டார்மா, பயப்படாதீங்க" என்றார். நான் பைக்குப் போனேன். துண்டு எடுக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார். மறுபடி குனிந்து நாடி பார்த்துக்கொண்டிருந்தார். இளநீர்க்காரர் எப்படி வெட்டினார் என்று காலையில் கவனித்திருந்தேன். டாக்டரின் பிடரியில் ஒரே வெட்டு. அவர் என்னைப் பார்க்கவில்லை. அது அவருக்கு நல்லது. அவர்மேல் எனக்கு ஒரு விரோதமும் கிடையாது. அவர் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள், ஆறுதலாக இருக்கும்.

அவரை ஒருபுறம் தள்ளினேன். மாப்பிள்ளை கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழ முடியவில்லை. கையெடுத்துக் கும்பிடப் பார்த்தார், ஒரு கைதான் வந்தது.

"அவள ஒண்ணும் பண்ணிடாதீங்கக்கா."

அவளை நான் என்ன செய்யப்போகிறேன்? சாகிற நேரத்தில்கூட என்னைப் பற்றி அவ்வளவு கேவலமாக நினைத்தார். உண்மையிலேயே மனசு நொந்துவிட்டது. அதனால்தான் அதற்குப் பிறகு கொஞ்சம் அதிகமாகவே வெட்டிவிட்டேன். உங்கள் மருத்துவர் சொன்னது சரி, முதல் வெட்டே போதும்தான். கழுத்தில் போட்டேன், பிறகு வாயில். அந்த வாய்தானே அத்தனையும் சொன்னது.

அரிவாளைத் துடைத்துக் கடலில் வீசினேன். கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு நீலக் குடைகள் இருந்த பக்கம் வந்தேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி அப்போதுதான் நீரிலிருந்து ஏறினாள். தலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஈரத் தலையோடு நின்றால் சளி பிடிக்கும். பையிலிருந்த துண்டை எடுத்துத் துவட்டிவிட்டேன்.

"அவர் எங்கக்கா?"

"அந்தப் பக்கம்தான்."

"உன் கையில என்ன?"

"ஒண்ணுமில்ல. அசையாத."

என் தவறு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் அந்தத் துண்டைத்தான் சொல்வேன். அரிவாளைத் துடைத்த துண்டு அது. மறந்துவிட்டேன். அவள் நெற்றியிலும் காதிலும் சிவப்பாக வழிந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள். கத்தவில்லை, அழவில்லை. நான் வளர்த்த பெண். "எனக்குத் தாகமா இருக்குக்கா, தண்ணி வாங்கிட்டு வந்துடறேன்" என்று மெதுவாகச் சொன்னாள். மெதுவாகவே நடந்தாள். படகுக்காரர்கள் பக்கத்தில் போனதும் ஓட ஆரம்பித்தாள். வெயிலில் மணல் கொதித்தது, வெறுங்கால். உள்ளங்கால் வெந்திருக்கும். யாராவது மருந்து போட்டார்களா தெரியவில்லை, கேட்டால் யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

நீங்கள் எழுதிக்கொள்வதற்காக நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன். புத்தி தெளிவாகத்தான் இருந்தது, யாரும் தூண்டவில்லை. தங்கச்சிக்கு இதில் சம்பந்தம் இல்லை. அவள் கப்பலில் இதே நடைவழியில் கடைசி அறையில் இருக்கிறாள் என்று காவல்காரர்கள் பேசிக்கொண்டார்கள். வாசலில் ஆள் நிறுத்தினால்தான் உள்ளே இருப்பேன் என்று அவளே கேட்டாளாம். கண்ணெதிரே ரத்தத்தைப் பார்த்தவள், பயம் இருக்கத்தானே செய்யும். அந்தக் காவலருக்கும் எத்தனை நேரம்தான் கால் வலிக்காமல் இருக்கும். அவரைப் போய் ஓய்வெடுக்கச் சொல்லுங்கள் அம்மா. ஒரு நாற்காலி மட்டும் கொடுங்கள், அவள் வாசலில் நான் உட்கார்ந்துகொள்கிறேன். நான் காவல் இருந்தவரைக்கும் அவளுக்கு ஒரு கெடுதலும் வந்ததில்லை.