சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம்

டீ நன்றாகவே இருந்தது, சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

எல்லாம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் ஆரம்பித்தது. மாஸ்டர் சீட்டுக் குலுக்கிப் போட்டு, ஆளுக்கொரு வார்த்தை எடுக்கச் சொன்னார். அதைச் சொந்த வாழ்க்கையில் வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். என் அறைத்தோழனுக்கு 'கிரேட்ஃபுல்' வந்தது. வேலை தேடி வந்த தனக்கு நான் அறையில் பாதியைக் கொடுத்ததைச் சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டான். எனக்கு 'ஜஸ்டிஃபைடு'.

காய்ச்சலுக்கு லீவு போட்டேன், அது ஜஸ்டிஃபைடு என்றேன். மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார்.

"சரிதான், ஆனா சப்புனு இருக்கேப்பா. ஒருத்தன் உனக்குக் கெடுதல் பண்ணணும். நீ பதிலுக்கு ஒண்ணு பண்ணணும். பார்க்கறவன், 'இவன் செஞ்சது நியாயம்தான்'னு சொல்லணும். அதுல இருக்கு இந்த வார்த்தையோட கெத்து."

என் சிக்கலே அதுதான். எனக்குக் கெடுதல் செய்ய ஆளே இல்லை. இருப்பது இந்த அறைத்தோழன் ஒருவன். பர்மிஷன் என்றுதான் கூப்பிடுவோம். என் சோப்பை முகர்ந்து பார்க்கக்கூட அனுமதி கேட்பான். இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படி இங்கிலீஷ் கற்பது?

என் ஸ்கூட்டரைக் கேட்காமல் எடுப்பது குற்றம் என்று முடிவு செய்தேன். அவன் எடுத்தால்தானே. பொறுமையாகச் சொன்னேன்.

"மச்சான், இனிமே வண்டிக்குக் கேட்டின்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். சாவி ஆணியிலதான் தொங்குது. எடுத்துட்டுப் போய்ட்டே இரு."

இன்று காலை அவனுக்கு இன்டர்வியூ. நான் தூங்குவதுபோல் படுத்திருந்தேன். கட்டிலருகே வந்து நின்றான். தொண்டையைச் செருமினான். பிறகு கேட்காமலே சாவியை எடுத்துக்கொண்டு போனான். நூலகத்துச் சரிவில் பிரேக் பிடிக்கவில்லை. லாரிக்காரர் மேல் தவறில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்புவது சந்தேகம் என்கிறார் டாக்டர்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "சாரி மச்சான், கேக்காம எடுத்துட்டேன்."

நர்ஸ் பக்கத்திலேயே இருந்தார். குற்றம் செய்தவனே ஒப்புக்கொண்ட பிறகு, எனக்கு மேற்கொண்டு என்ன வேண்டும்?

பிரேக் ஒயரை எப்போது அறுத்தாய் என்று கேட்கிறீர்கள். நேற்று சாயங்காலம். அப்போது அவன் வண்டியைத் தொடவே இல்லையே என்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் எடுப்பான் என்று எனக்குத் தெரியும், சார். நான் சொன்னதை அவன் ஒருநாளும் தட்டியதில்லை.