ஆள்காட்டி முட்டைக்குப் பக்கத்தில் நட்ட குச்சி

என் பெயர் பூவிழி, வயது 20, த/பெ ரெத்தினம். சொந்த ஊர் திருவாரூர் பக்கம். தற்சமயம் கோடியக்கரையில் என் அத்தை ராசம்மாள் வீட்டில் தங்கி, சரணாலயத்துக்கு வருகிறவர்களைப் பூவும் பறவையும் பார்க்கக் கூட்டிப்போகும் வேலை செய்கிறேன். கல்லூரியைப் பாதியில் விட்டவள். கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

14.06.2025 காலை ஆறரை மணிக்கு வெங்கடகிருஷ்ணன் என்பவரையும் அவர் மனைவி வித்யாலக்ஷ்மியையும் கூட்டிப்போனேன். முதலில் மணல்மேட்டில் அடம்பம்பூ காட்டினேன். அந்தம்மா உட்கார்ந்து நோட்டில் வரைந்தார். அதன் பிறகு புல்வெளிக்குப் போனபோது ஆள்காட்டிக் குருவி எங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றியது. அது வெறுந்தரையில் முட்டையிடும். நான்கு முட்டை கிடந்த இடத்தில் முந்தின நாளே நான் ஒரு குச்சி நட்டிருந்தேன். எங்கள் ஊர் வயலில் அப்படித்தான் நடுவோம். குச்சியைப் பார்த்தால் டிராக்டர் சுற்றிக்கொண்டு போகும்.

அதன் பிறகு அந்தம்மா தண்ணீர் கேட்டதால் வண்டிக்குப் போய் பாட்டில் எடுத்து வந்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது வெங்கடகிருஷ்ணன் குச்சியைப் பிடுங்கிப் போட்டு, மறைவாக இருந்த முள்செடியை ஒடித்து, முட்டைகளை நகர்த்தி வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு முட்டை அவர் ஷூவுக்கு அடியில் உடைந்திருந்தது. உள்ளே குஞ்சு இருந்தது. அதன் கால் அசைந்தது.

"என்ன சார் பண்றீங்க" என்றேன்.

"நீ குச்சி நட்டு வச்சதாலதானே கண்டுபிடிச்சேன்" என்றார்.

"வயல்ல இந்தக் குச்சிய பாத்ததே இல்லயா?"

"எங்களுக்குப் பதினஞ்சு வேலி நெலம் இருந்தது. நீ எனக்கு வயல் சொல்லித் தரியா? உங்கப்பன் யாரு?"

"எறங்கி வேல செஞ்சவரு சார். நீங்க எறங்குனீங்களா?"

"ஏன்னா, போதும், வாங்கோ" என்று அந்தம்மா சொன்னார். மீதி மூன்று முட்டைக்கும் வெயில் படாமல் குடையைப் பிடித்தது அவர்தான்.

அவர் கணவர் அதற்குப் பிறகும் குனிந்து இன்னொரு படம் எடுத்தார். அதன் பிறகுதான் கேமராவைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்தேன்.

மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் வெங்கடகிருஷ்ணன் என் மேல் கொடுத்த புகாரை வாபஸ் வாங்குவார், வேலையும் போகாது என்று ஏட்டய்யா சொன்னார். எழுத மாட்டேன். இந்த வாக்குமூலத்தில் முதலில் 'கை தவறி விழுந்தது' என்று எழுதியிருந்ததை நான்தான் அடிக்கச் சொன்னேன். எறிந்தது நான். குச்சி நட்டதும் நான். அந்த ஒன்றுக்குத்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவரிடம் இல்லை.

படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) ரெ. பூவிழி