ஆட்சேபக் காலம்

நாற்காலி வசதியாகத்தான் இருக்கிறது, ஐயா. மின்விசிறியை மட்டும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், எனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது. தண்ணீர் வேண்டாம். அந்த டம்ளரை நீங்கள் இரண்டு முறை என் பக்கம் நகர்த்திவிட்டீர்கள். ஒருவர் பரிவு காட்டினால் உள்ளே என்ன வைத்திருக்கிறார் என்று பார்ப்பது என் சுபாவம். தப்பாக நினைக்காதீர்கள்.

அறிவியல் ஒன்றியத்தின் செயலாளருக்கு அந்தச் சுபாவம் வேண்டும். தனி ஆள் என்ன உளறினாலும் அது அவரோடு போகும். ஒன்றியம் வாய் திறந்தால் பள்ளிக்கூடத்தை மூடுவார்கள், பாலத்தை அடைப்பார்கள். அதனால்தான் ஒரு அறிக்கை வெளியே போவதற்குள் அதைப் போட்டுப் புரட்டி எடுக்கிறோம். மூன்று பேர் கொண்ட குழு வரைவு எழுதும். வரைவு எல்லா உறுப்பினர்களுக்கும் இரண்டு வாரச் சுற்றுக்குப் போகும். ஆட்சேபம் உள்ளவர்கள் எனக்கு எழுதுவார்கள். நான் பெயரை நீக்கிவிட்டுக் குழுவிடம் கொடுப்பேன். பெரிய தலைகளின் பெயரைப் பார்த்துச் சின்னவர்கள் மிரளக் கூடாது என்று செய்த ஏற்பாடு அது. குழு பதில் சொல்லி, வரைவைத் திருத்தினால், திருத்திய வரைவு மறுபடி இரண்டு வாரம் சுற்றும். ஆட்சேபமே இல்லாமல் ஒரு சுற்று முடிந்தால்தான் செயற்குழுவில் வாக்கெடுப்பு. நல்ல முறை. இன்றைக்கும் அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

மண்ணக்காவை நீங்கள் விசாரித்திருப்பீர்கள். மண் ஆய்வாளர், ஆனால் ஒன்றியத்தில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் மண்ணக்காதான். செருப்பில் எந்நேரமும் சேறு. குழு அறைக் கம்பளத்தைப் பார்த்தாலே அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்று சொல்லிவிடலாம். மழைக்காலத்துக்கு வெகு முன்பே வரைவோடு வந்தார். மேட்டுக் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள சரிவு நகர ஆரம்பித்துவிட்டது, மழைக்கு முன் ஜனங்களைக் கீழே இறக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். நகராட்சியும் தயாராக இருந்தது. ஒன்றியத்தின் அறிக்கை வந்த அன்றே காலியாகக் கிடக்கும் பழைய பள்ளிக் கட்டடத்தைத் திறந்துவிடுவார்கள். அறிக்கை இல்லாமல் சாவியைத் தொட மாட்டார்கள்.

வரைவைப் படித்தேன். தெளிவாக இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. இவ்வளவு அழகாக ஒருவர் எழுதுகிறார் என்றால் யார் கண்ணில் படுவதற்காக எழுதுகிறார்? மழை முடிந்ததும் ஒன்றியத் தலைவர் தேர்தல். அறிக்கை வந்தால் ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடும். நானும் போட்டியிட இருந்தேன்தான். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

முதல் சுற்றில் ஒரே ஒரு ஆட்சேபம் வந்தது. அளவுக் கருவிகள் போதுமா என்று. மண்ணக்கா இன்னும் இரண்டு குழி தோண்டிக் கருவி வைத்து வரைவைத் திருத்தினார். அடுத்த சுற்றில் ஊற்றுநீர்க் கணக்கைக் கேட்டு ஒன்று. அதற்கடுத்து, பக்கத்துச் சரிவோடு ஒப்பிட்டீர்களா என்று ஒன்று. எல்லாமே நியாயமான கேள்விகள், நீங்களே படித்துப் பாருங்கள். ஒருநாள் மண்ணக்கா மூச்சிரைக்க என் அறைக்கு வந்து நின்றார்.

"யாரு சார் இந்த ஆளு? ஒண்ணுக்குப் பதில் சொல்லி முடிச்சா இன்னொண்ணோட வந்து நிக்கிறாரு!"

"பேரைச் சொல்லக் கூடாதும்மா. உங்களுக்குத் தெரியாததா?"

"பேரு எனக்கு எதுக்கு? ஒரு தடவை மேட்டுக்கு வரச் சொல்லுங்க. வெடிப்புக்குள்ள கையை விட்டுப் பாக்கட்டும். அப்புறம் வாயே தொறக்க மாட்டாரு."

சொல்கிறேன் என்றேன்.

அதற்குப் பிறகு அவருடைய சந்தேகம் பாறைக்காரர் மேல் திரும்பியது. குழுவில் அவரும் ஒருவர், பாறை ஆய்வாளர். இருவரும் வருஷக்கணக்கில் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். ஊற்றுநீரைப் பற்றி இவ்வளவு துருவிக் கேட்க அவரை விட்டால் ஆள் இல்லை என்று மண்ணக்கா கணக்குப் போட்டார். "என் புள்ளைங்க மேல சத்தியமா நான் எழுதலம்மா" என்று அந்த மனிதர் வராந்தாவில் நின்று கெஞ்சினதை நான் கதவிடுக்கு வழியாகக் கேட்டேன். மண்ணக்கா நம்பவில்லை. மறுவாரம் பாறைக்காரர் குழுவிலிருந்து விலகினார். குழுவில் மூன்று பேர் இல்லாமல் சுற்று நடக்காது. அவர் இடத்துக்கு ஆள் தேடுவதில் இன்னும் நாள் போனது. ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவது அறிவியலுக்கு நல்லது என்று அப்போது நினைத்தேன்.

ஆட்சேபங்களை எழுதியது நான்தான். எல்லாவற்றையும். அதற்குத்தானே இவ்வளவு சுற்றி வளைத்துக் கேட்கிறீர்கள்? செயலாளரும் ஓர் உறுப்பினர்தான். அவர் ஆட்சேபிக்கக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை.

எங்கள் அலுவலகத்துக்கு டீ கொண்டுவரும் அம்மா அந்த மேட்டில்தான் இருந்தார். கணவர் இல்லை, இரண்டு பெண்கள். எனக்குச் சர்க்கரை கூடாது என்பதை ஒருநாளும் மறந்ததில்லை. "அறிக்கை எப்ப சார் வரும்? வந்தாத்தானே ஸ்கூலைத் தொறப்பாங்க" என்று தினமும் கேட்பார். சுற்றில் இருக்கிறது என்பேன். "என்ன சார் இது, ராட்டினம் மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

வரைவை நான் நம்பினேனா என்று கேட்டீர்கள். நான் கணிதம் படித்தவன். மண்ணக்காவின் கணக்கை உட்கார்ந்து மறுபடி போட்டுப் பார்த்தேன். எங்கும் பிசகவில்லை. சரிவு அந்த மழையைத் தாங்காது.

ஆமாம், என் தங்கையும் அதே மேட்டில்தான் குடியிருந்தாள். லாரி பேசி நான்தான் அவளைக் கீழே கொண்டுவந்தேன். "என்னண்ணே, வீட்டுல மழை ஒழுகக்கூட இல்லையே, எதுக்கு இந்த அவசரம்?" என்றாள். சுவர் ஈரம் குழந்தைக்கு ஆகாது என்றேன். மாப்பிள்ளை முணுமுணுத்தார். அக்கம்பக்கத்தில் எதுவும் சொல்ல வேண்டாம், வாடகை பேசும்போது சிக்கல் வரும் என்றும் சொல்லிவைத்தேன். இதில் ஒன்றியத்துக்குச் சம்பந்தமில்லை. ஓர் அண்ணன் செய்வதைத்தான் செய்தேன்.

மழை பிடித்த இரண்டாம் நாள் சரிவு இறங்கியது. எத்தனை பேர் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். டீ கொண்டுவரும் அம்மாவையும் மூத்த பெண்ணையும் ஒரே இடத்தில் எடுத்தார்கள். சின்னவளை இன்னும் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அழுகை வந்தது, ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சரிவு இறங்குவதற்கு முந்தின நாள் அந்த அம்மா என்னிடம் என்ன பேசினார் என்று கேட்கிறீர்கள். மறைக்க என்ன இருக்கிறது? டம்ளரை மேசையில் வைத்துவிட்டு நகராமல் நின்றார். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது.

"சார், அறிக்கை கெடக்கட்டும். உங்க கூடப்பொறந்த தங்கச்சி அங்க இருந்தா என்ன சொல்வீங்களோ, அதை எங்கிட்டச் சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

அவர் என்னை எவ்வளவு நம்பினார், பாருங்கள். அப்படி நம்புகிறவரிடம் முறை தவறிப் பேசலாமா?

"ஒன்றியத்துக்கு எல்லாரும் ஒண்ணுதாம்மா, தங்கச்சின்னு தனியா ஒரு பேச்சு கெடையாது" என்றேன்.