ஆறு நாள் சம்பளம்

மிளகு வாங்கும்போது மேலாக இருப்பதை வாங்காதீர்கள். மூட்டையின் அடியில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி முகர்ந்து பாருங்கள். நல்ல மிளகு கண்ணைக் கொஞ்சம் கலங்க வைக்கும். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு ஏற்றுமதிக் கிடங்கில் வருஷக்கணக்காக எனக்கு இதுதான் வேலை. நான் முகர்ந்து சரி என்று சொன்ன பிறகுதான் மூட்டை தைப்பார்கள். பெயர் பாண்டியராஜன். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சுமை தூக்க வந்தவர். நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன்.

என் சகலை சுடலைமணியைப் பற்றிக் கேட்டீர்கள். அவரைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் கிடையாது. என் மனைவி இசக்கிசெல்வியின் தங்கை சுபாஷிணியைக் கட்டியவர். பரீட்சை எழுதிச் சர்க்கார் ஆபீசில் கிளார்க் ஆனவர். மூச்சு இளைப்பு உண்டு, உறிஞ்சும் மருந்துக் குழலை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருப்பார். வயதில் என்னைவிட இளையவர், வாய் நிறைய ‘அண்ணாச்சி’ என்பார். மூத்த மருமகன் நான்தான். ஆனாலும் மாமியார் வீட்டில் மீனின் நடுத்துண்டு முதலில் அவர் இலைக்குத்தான் போகும். மிளகு விலை ஏறிய வருஷங்களில் போனஸோடு சேர்த்து அவரைவிட நான் அதிகம் வாங்கியிருக்கிறேன். அப்போதும் அத்தைக்கு அவர்தான் ‘நம்ம சர்க்கார் மாப்பிள்ளை’. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு கொரோனா வந்தது. கப்பல் நின்றது, கிடங்கைப் பூட்டினார்கள். முதலில் அரைச் சம்பளம் தந்தார்கள், பிறகு அதுவும் நின்றது. முதலாளி யூசுப் சாகிப் மரியாதையாகத்தான் போனில் சொன்னார்.

“பாண்டியா, லோடு வந்தா ஞான் விளிக்காம். அப்போ வந்தா மதி.”

அவர் கூப்பிடும்போது போனால் போதுமாம். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அவர் சர்க்கார் இல்லையே.

அந்த மாதங்களில் சுடலைமணிக்கும் ஒரு கஷ்டம் வந்தது. சர்க்கார் மாதந்தோறும் ஆறு நாள் சம்பளத்தைப் பிடித்து வைத்தது. பிறகு திருப்பித் தருவோம் என்று சொல்லித்தான் பிடித்தது. ஒரு சாயங்காலம் எங்கள் வாசலில் நின்று, முகமூடியைக் கழற்றாமலே புலம்பினார்.

“ஆறு நாள் சம்பளத்தப் பிடிச்சிட்டானுவ அண்ணாச்சி. மாசக் கடைசியில மனுசன் எப்படி ஜீவிக்கது? நாங்க மட்டும் என்ன பாவம் செஞ்சோம்?”

“கஷ்டந்தான் தம்பி” என்றேன். உள்ளே செல்வி கஞ்சியில் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் சண்டை போட்டு மறந்திருப்பேன். யாரிடம் எதைச் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. நாகரிகமாகச் சொல்ல வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவரிடம் பிடித்துக்கொண்ட அந்த ஆறு நாள் சம்பளத்தை எனக்கு யாராவது கொடுத்திருந்தால் என் வீடு கொஞ்சம் தலைநிமிர்ந்திருக்கும்.

ஓணம் முடிந்ததும் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. பஜார் ரோட்டில் பாதிக் கடை திறக்காமல் கிடந்த நேரம் அது. ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் சாப்பாடு, வெளியாள் கிடையாது, நம் வீட்டு ஆட்கள் மட்டும் என்று ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டிருந்தார். இடுக்கியிலிருந்து கொஞ்சம் சரக்கு வந்திருந்தது. ஒரு மூட்டையைப் பிரித்து, கசக்கி முகர்ந்தேன். மணம் இல்லை. அடுத்த மூட்டையிலும் இல்லை. வெறும் மண்ணை முகர்வதுபோல் இருந்தது. வாயில் போட்டுக் கடித்தால் நாக்கில் உறைப்பு மட்டும் நின்றது. குறை மிளகில் இல்லை, என் மூக்கில்தான் என்று அப்போதுதான் உறைத்தது. மணம் போனால் என்ன நோய் என்று டி.வி.யில் தினமும் சொல்லிக்கொண்டிருந்த காலம். மற்றவர்களுக்கு அது தெரிய ஒரு நாள் பிடித்திருக்கலாம். மூக்கை வைத்துப் பிழைக்கிறவனுக்கு அந்தக் கணமே தெரிந்துவிடும். மணிகளின் நிறத்தையும் கனத்தையும் பார்த்து ‘நல்ல சரக்கு’ என்று சொல்லிவிட்டு, முகமூடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். காய்ச்சல் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அதுவரை நான் ஒன்றும் தீர்மானிக்கவில்லை, அதை நீங்கள் நம்பவேண்டும். மூக்கு போனது தெரிந்தால் இனி வேலைக்கே கூப்பிடமாட்டார்கள் என்ற பயம்தான் இருந்தது. விருந்துக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் படுத்தேன். காலையில் எழுந்து குளித்து, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

மாமியார் வீட்டில் போய் உட்கார்ந்ததும் அத்தை பாயசம் கொண்டுவந்தார். “ஏலக்கா மணம் தூக்குது அத்தை” என்று சொன்னேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். சுடலைமணி ஜன்னலோரம் தனி நாற்காலியில் முகமூடியோடு உட்கார்ந்திருந்தார். இளைப்புக்காரர் என்பதால் தொடக்கத்திலிருந்தே ஜாக்கிரதை. சாப்பாடும் தனியாகத்தான்.

“அண்ணாச்சி, மேலுக்கு ஒண்ணுமில்லையே?” என்று விசாரித்தார்.

“எனக்கென்ன தம்பி” என்றேன். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு கேட்டேன். “ஏன் அவ்வளவு தள்ளி இருக்கிய? வேலை இல்லாதவன் பக்கத்துல உக்காந்தா உத்தியோகம் கொறஞ்சிருமோ?”

“ஐயோ, இது என்ன பேச்சு மாப்பிள்ளை” என்றார் அத்தை.

முகமூடிக்கு மேலே சுடலைமணியின் கண்கள் வாடிப்போயின. நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா. எழுந்து வந்தார். முகமூடியைக் கழற்றிப் பையில் வைத்தார். என் தோளோடு தோள் இடிக்கப் பாயில் உட்கார்ந்தார். அத்தை அவருக்கும் அங்கேயே இலை போட்டுப் பரிமாறினார்.

“அப்படியெல்லாம் நெனைக்காதிய அண்ணாச்சி. ஒங்களுக்குப் பொறவுதான் எனக்கு எல்லாம்” என்று சொல்லி, தன் இலையிலிருந்த நடுத்துண்டை எடுத்து என் இலையில் வைத்தார். நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து வெகுநேரம் பேசினேன். பழைய கதைகளை எல்லாம் எடுத்துவிட்டேன். வாய்விட்டுச் சிரித்தேன். நான் அப்படிச் சிரித்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

செல்விக்கும் அத்தைக்கும் காய்ச்சல் வந்து போனது. வரும் என்று தெரியும், தாங்கிவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை. சுபாஷிணிக்கு இருமலோடு போயிற்று. சுடலைமணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். படுத்திருந்த நாட்களுக்கும் அவருக்கு முழுச் சம்பளத்தோடு லீவு உண்டு என்று சுபாஷிணி போனில் சொன்னாள். மூச்சுக்குத் திணறுகிற ஆளைப் பார்த்துப் பொறாமை வருமா என்று கேட்பீர்கள். எனக்கு வந்தது.

அவர் திரும்பி வரவில்லை. எனக்கு அதற்குள் குணமாகிவிட்டதால், உடல் முழுக்க மூடும் அந்த அங்கியை மாட்டிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போனதும் நான்தான். கூடப்பிறந்தவனுக்குச் செய்வதுபோல் செய்தார் என்று எங்கள் ஆட்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். இதை எந்த ஸ்டேஷனிலும் வழக்காக எழுதிக்கொள்ளமாட்டார்கள். அதனால் நானே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நோய் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டேன். அவரைக் கொன்றவன் நான்.

நான் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. முதல் தேதி வந்தும் ஒன்றும் வராத ஒரு மாதம் அந்த வீட்டிலும் வரட்டும் என்று நினைத்தேன். அந்த மாதம் வரவேயில்லை. குடும்பப் பென்ஷன் வந்தது. பிடித்து வைத்திருந்த ஆறு நாள் சம்பளமும் பாக்கியில்லாமல் வந்தது. சர்வீஸில் இருக்கும்போது ஆள் இறந்தால் வீட்டில் ஒருவருக்கு வேலை தருவார்கள். ஆசிரித நியமனம் என்றால் இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். தனியார் கிடங்கில் ஆயுளைக் கழித்தவனுக்கு, ஆள் போனாலும் சம்பளம் நிற்காது என்பது நினைப்பில் வரவில்லை. போன வருஷம் சுபாஷிணி அதே ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் கிடங்கில் இப்போது மறுபடியும் ஆள் குறைக்கிறார்கள்.

நேற்று செல்வி துணி மடித்துக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள்.

“சுபாவுக்கு அவ புருசன் போயும் சோறு போடுதாரு. ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு யாரு என்ன தருவா?”

கோபமாகச் சொல்லவில்லை. கணக்காகத்தான் சொன்னாள். நான் அவள் மடித்து வைத்த வேட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். சுடுகாட்டில்கூட நான் அப்படி அழவில்லை. செல்வி பதறிப்போய் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

“சுடலைமணி நெனப்பு வந்துட்டா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். யோசித்துப் பார்த்தால் அது உண்மைதான். அவர்மேல் எனக்கு அவ்வளவு பாசம்.