பூமயில் எழுதிய ஆங்கிலம்

ஆபீசில் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் சோணைமுத்துதான். நான் பெரிதாகப் படித்தவனில்லை. முதுகுளத்தூரில் டைப்ரைட்டிங் முடித்துவிட்டு, உங்கள் அப்பா காலத்தில் இந்த மிளகாய் வத்தல் கம்பெனியில் சேர்ந்தேன். மற்றதெல்லாம் தட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அதனால் நீங்கள் இப்போது விசாரிக்கிறீர்களே, பூமயிலின் மெஷினில் நடந்தது, அது தெரியாமல் நடந்தது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன், சின்ன முதலாளி.

அவளை உங்களுக்கு நினைவிருக்காது. எங்கள் புஞ்சையில் வேலை பார்க்கும் மலையாண்டியின் மகள். பரமக்குடியில் காலேஜ் முடித்தவள். வெளிநாட்டு வியாபாரிகளுக்கு மெயில் எழுத உங்கள் அப்பா அவளை எடுத்தார். அதுவரை அந்த வேலை என்னுடையது. பழைய மெயிலில் தேதியையும் பெயரையும் மாற்றி அனுப்புவேன். யாரும் குறை சொன்னதில்லை, நன்றி சொன்னதும் இல்லை.

அவள் வந்த கொஞ்ச நாளில் துபாயிலிருந்து பதில் வந்தது. இவ்வளவு தெளிவாக எழுதும் ஆள் உங்களிடம் இருப்பது சந்தோஷம் என்று எழுதியிருந்தார்கள். உங்கள் அப்பா அதை எல்லோர் முன்னாலும் படித்தார். வாசலில் எங்கள் புஞ்சை வத்தல் சாக்கை இறக்கிக்கொண்டிருந்த மலையாண்டி துண்டால் கண்ணைத் துடைத்தான். எனக்கு வயிறு எரிந்தது. என் வீட்டில் அவன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவன் மகள் எனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "சார், இந்த லோடு என்னைக்குக் கெளம்புது?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

அன்று அவள் சாப்பிடப் போயிருந்தபோது, மெயிலில் பிழை பார்க்கும் மொழியை ஆங்கிலத்திலிருந்து ஜெர்மனுக்கு மாற்றினேன். ஜெர்மன் மேல் எனக்குத் தனிப் பிரியம் எதுவும் கிடையாது. கைக்கு அகப்பட்டது அதுதான்.

திரும்பி வந்து டைப் செய்தாள். வார்த்தைக்கு வார்த்தை அடியில் சிவப்புக் கோடு. கையை எடுத்துவிட்டாள்.

"சார், எல்லாமே தப்புங்குதே. இத்தன நாளாக் காட்டலயே?"

"இத்தன நாளா இந்தச் சோதனையே இதுல இல்ல தாயி. இன்னைக்குத்தான் போட்டேன்."

வேறு யாராக இருந்தாலும் மெஷினைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். அவளுக்கு அது தோன்றவில்லை. அவள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் அவள். வாத்தியார் சிவப்பு மையில் சுழித்ததை எதிர்த்துக் கேட்க அவள் பக்கம் யார் இருந்தார்கள்? கோடு விழுந்தால் தப்பு தன்னுடையது என்றே பழகியிருந்தாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கோடு விழுந்த மெயில் வெளியே போகக் கூடாது, எனக்கு அனுப்பிவிடு என்றேன். கோட்டின் மேல் ரைட் கிளிக் செய்தால் மொழி தெரிந்துவிடும், அதனால் அப்படிச் செய்தால் வைரஸ் வரும் என்றும் சொல்லிவைத்தேன். என் மெஷினில் திறந்தால் ஒரு கோடும் இருக்காது. அடியில் என் பெயரைப் போட்டு அனுப்புவேன். துபாயின் நன்றி என் பெயருக்கு வர ஆரம்பித்தது.

அவள் இலக்கணப் புத்தகம் வாங்கி வந்து, சாப்பாட்டு நேரத்திலும் படித்தாள். எழுதும் வாக்கியங்கள் சின்னதாகிக்கொண்டே போயின. வெளிநாட்டு போன் வந்தால் எழுந்து பின்பக்கம் போய்விடுவாள். பாவமாகத்தான் இருந்தது. பல நாள் அவளுக்கு வடை வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

ஒருநாள் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அவளை வேலைக்குக் கூப்பிட்டது. சம்மதம் என்று மெயில் போட வேண்டும். அவள் வீட்டில் இருந்தது ஒரு பட்டன் போன்தான். அதனால் இங்கேயே டைப் செய்தாள்.

"இத அனுப்புனா சிரிப்பாகளா சார்?"

"சிரிக்க மாட்டாக. படிக்கவே மாட்டாக."

நான் பின்னால் நிற்கும்போதே அழித்தாள். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டாள். தை மாதம் கல்யாணம். அப்புறம் ஒவ்வொரு பங்குனிக்கும் எங்கள் புஞ்சையில் மிளகாய் பறிக்கிறாள். சாயங்காலம் கை எரிச்சலுக்குத் தொட்டித் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு நிற்பாள். நிழலில் காம்பு கிள்ளும் வேலை கொடுங்கள் என்று என் வீட்டில் நானே சொல்லியிருக்கிறேன். அவள் எழுதிய மெயில்களில் தேதியை மாற்றித்தான் இன்றுவரை துபாய்க்கு அனுப்புகிறேன்.

போன வாரம் புது ஆளுக்காக அந்த மெஷினைத் தூசி தட்டச் சொன்னீர்கள். சர்வீஸ் பார்க்க வந்த ராம்குமார் மொழி மாறியிருப்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தான். அந்த நேரம் எடை போட வத்தல் மூட்டையோடு பூமயில் வந்திருந்தாள். எடை போடுகிறவர் அவள் பெயரைக் கூப்பிட்டதும், பழைய மெயிலில் அந்தப் பெயரைப் பார்த்திருந்தவன் அவளை உள்ளே கூப்பிட்டுக் காட்டினான்.

"அக்கா, நீங்க எழுதுனதுல ஒரு தப்புகூட இல்ல. யாரோ மொழிய மாத்தி வச்சிருக்காக."

நிலைப்படியில் நின்றபடியே வாய் அசையப் படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள். பிறகு அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அய்யா, அப்ப நான் சரியாத்தான் எழுதுனேனா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்குவரை வந்தது.

"சின்னப்பய அவன். சோதனைய நிப்பாட்டிப்புட்டுத் தப்பே இல்லங்கிறான். நீ போ தாயி, மூட்டை வெயில்ல கெடக்கு."

வெட்கப்பட்டுச் சிரித்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். ராம்குமார் பின்னாலேயே போய்ச் சத்தியம் பண்ணிச் சொன்னான். அவள் நிற்கவில்லை.

மொழியை மாற்றியது நான். தூத்துக்குடி மெயிலை அவளை அனுப்பவிடாமல் தடுத்தது நான். கடைசியாகச் சொன்ன பொய்யும் என்னுடையதுதான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் படித்த பையன் சத்தியம் செய்தும், அவள் நம்பியது என்னைத்தான். அப்படி நம்புகிற பிள்ளையின் மனதை உடைக்க எனக்கு மனசு வரவில்லை.