விரல் நுனியில் வந்த தங்கம்

— பெட்டியோட நீட்டாதீங்க பிரெஸ்காட். அதைத் திறந்து காசைக் கையில வைங்க.

— திறந்தா மதிப்பு குறையும்பாங்க, வெர்னன். போகட்டும். கடலுக்குள்ள இருந்து எடுத்தவர் கையில ஒரு தடவை வைக்கத்தானே மியாமியில இருந்து காரை ஓட்டிட்டு வந்தேன். இந்தாங்க.

— அடேயப்பா! கொரின், இங்க வாயேன். அப்படியே இருக்குடி!

— நீயே பாரு. எனக்கு இறால் வேகுது.

— என் பொண்டாட்டி அப்படித்தான் பிரெஸ்காட், கோவிச்சுக்காதீங்க.

— உண்மையைச் சொல்றேன் வெர்னன். மூழ்கின கப்பல் காசாத்தான் முப்பது வருஷமா சேர்க்கிறேன். இது மாதிரி ஒண்ணை நான் பார்த்ததே இல்ல. முந்நூறு வருஷம் உப்புத் தண்ணியில கிடந்திருக்கு. காசு மேல இருக்கிற சிலுவை நேத்து அடிச்ச மாதிரி நிக்குது!

— தங்கம்னா அப்படித்தான். வெள்ளின்னா கருத்துக் கட்டியாப் போயிருக்கும்.

— எப்படிக் கிடைச்சுது? ஏலப் புத்தகத்துல 'எடுத்தவர் வெர்னன் டீல், 1984'னு ஒரே வரிதான் இருக்கு.

— ஆகஸ்ட் மாசம், காலையில பத்து மணி. புயல் அடிச்சு ஓய்ஞ்ச மறுநாள். நீட்டின கை தெரியாது, தண்ணி அவ்வளவு கலங்கல். முழுகுற ஆளுங்க நாலு பேரும் வாந்தி எடுத்துப் படகுல சுருண்டு கிடந்தோம்.

— படகுல நான் சமைச்சதால இல்லைங்க. கரையில கடைச் சிப்பியைத் தின்னுட்டு வந்தாங்க.

— நாலு பேரும் கிடந்தா, யாரு வெர்னன் இறங்கினது?

— வெர்னன், போதும்.

— போதாது கொரின். இந்தச் சமையக்காரி இருக்காளே பிரெஸ்காட், அடுப்பை அணைச்சுட்டு, என் முழுகுற கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் குதிச்சுட்டா. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாத தண்ணி. மணலைத் தடவித் தடவி, பாறை இடுக்குல விரலை விட்டு எடுத்திருக்கா. மேல வந்து கையை விரிச்சா பாருங்க, நாப்பது வருஷம் ஆச்சு, இன்னும் எனக்குக் கண்ணு கூசுது.

— அம்மா, நீங்களா?

— ஆமா. அதுக்கென்ன இப்ப? பேர் பதியாத ஆள் இறங்கினது தெரிஞ்சா படகோட உரிமத்தைப் பிடுங்கியிருப்பாங்க. அதான் கேப்டன் இவர் பேரை எழுதினார். இவர் மாட்டேன்னுதான் நின்னார். நான்தான் ஒத்துக்க வச்சேன்.

— விரல் நுனியால கண்டுபிடிச்சிருக்கீங்க! ஏலக்காரங்ககிட்டச் சொல்லி உங்க பேரை எழுத வைக்கிறேன்.

— வேண்டாங்க. இந்த ஊர்ல கடல்ல முழுகுறவன் ஒவ்வொருத்தனும் இவரைக் கண்டா எழுந்து நிக்கிறான். மியூசியத்துல இவர் படம் மாட்டியிருக்கு. எழுபது வயசுல இவரைப் பொய்யன்னு ஊர் சொல்லணுமா?

— சொல்லட்டும் கொரின். நேத்து நானே மியூசியத்துக்குப் போயி எல்லாத்தையும் சொல்லிட்டேன். இப்ப அங்க தொங்குறது உன் படம்.